காவேரித் தண்ணீர் வீட்டு இணைப்பு: குழாயில் தொடங்கி மேட்டூர் ஷட்டர் வரை பார்த்துவிட்டு எழுதுகிறேன்

வேலூர் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது "காவேரித் தண்ணி வருதா?" என்பதுதான். எங்கள் வீட்டில் வருகிறது. இணைப்பு வாங்கி ஆறு வருடம் ஆகிறது, ஆறு வருடமும் குடித்து, சமைத்து, தேக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் மோட்டார், பம்ப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே அழுத்தம் குறைகிறது, எந்த வாஷர் எப்போது போகும் என்பதெல்லாம்தான் என் பிழைப்பு. அதனால் இந்த விமர்சனம் குழாயோடு நிற்காது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தண்ணீர். இதில் எனக்குக் குறையே இல்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு ஆறு விசில் வைத்தாலும் தனித்தனியாகத்தான் நிற்கும், என் மனைவி முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துவிடுவாள். காவேரித் தண்ணீரில் மூன்று விசில், கரண்டியைத் திருப்பிப் போட்டு இரண்டு தட்டு தட்டினால் மசிந்துவிடும். டீயில் மேலே படிகிற ஏடு இல்லை. கடைக்கு வருகிற வாட்டர் ஹீட்டர்களில் போர் தண்ணீர் ஓடிய காயிலை வெளியே எடுத்தால் சுண்ணாம்புக் கல் மாதிரி வெள்ளையாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடத் தடிப்பாக உப்பு கட்டியிருக்கும், சுத்தியலால் தட்டித்தான் எடுக்கவேண்டும். காவேரித் தண்ணீர் மட்டும் ஓடுகிற வீடுகளில் அதே காயில் மூன்று வருடம் கழித்தும் லேசான மஞ்சளோடு வருகிறது. தண்ணீரை மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

இந்தத் தண்ணீரின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பாலாறு மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் நம் தமிழ்நாட்டில்தான், ஆனாலும் வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். அந்த மணலுக்கு அடியில் இருந்த ஊற்றுத் தண்ணீரையும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் கழிவு கெடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ கிணறுகள் திரும்பவில்லை. அந்த நிலைமையில்தான் மேட்டூரில் காவிரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து இத்தனை தூரம் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. சுமார் இருநூறு கிலோமீட்டர். நடுவில் தர்மபுரி மேட்டு நிலம் இருக்கிறது, தண்ணீர் தானாக இறங்கி வந்துவிடாது, பம்ப் வைத்து ஏற்றி, தொட்டியில் நிறுத்தி, மறுபடி ஏற்றித்தான் கொண்டுவரவேண்டும். அரை எச்.பி. மோட்டாரில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றவே திணறுகிறவர்களை தினமும் பார்க்கிறவன் நான், எனக்கு இந்த வேலையின் கனம் தெரியும். செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் வினியோகம். இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. எங்கள் பகுதிக்கு நாலு நாளைக்கு ஒரு முறை, சில சமயம் ஆறு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வரும். பெரும்பாலும் ராத்திரி. எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டு அக்கா குடத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டால் எழுந்துகொள்வோம். வேகம் பரவாயில்லை, தரைமட்டத் தொட்டி முக்கால் நிறையும். இதற்கு மூன்று மதிப்பெண்.

போன வருடம் ஒரு தடவை ஒன்பது நாள் வரவில்லை. வால்வு திறக்கிற தம்பியைப் பிடித்துக் கேட்டேன். "இங்க ஒண்ணும் இல்லண்ணா, அங்கயே பிரச்சனை" என்றான். அங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். கையை மேற்குப் பக்கமாக ஆட்டினான். அவனுக்கும் தெரியாது, அவனுக்கு மேலே இருக்கிறவர் சொன்னதைத்தான் சொல்கிறான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு வருடமாக ஒரு பொருளை வாங்குகிறேன், அதன் மறுமுனை எப்படி இருக்கிறது, என்ன வயது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு மோட்டாரை வாங்கினால் எந்த வருடத்து மாடல், பேரிங் மாற்றியதா என்று கேட்காமல் வாங்குவேனா?

மறுமுனையில் இருப்பது மேட்டூர் அணை. 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. இன்னும் கொஞ்ச வருடத்தில் நூறு. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி), நீர்மட்டம் 120 அடி. நம் குடியாத்தம் மோர்தானா அணை 261 மில்லியன் கன அடி, அதுவே நிரம்பி வழிந்தால் நாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மேட்டூருக்குள் முந்நூற்று ஐம்பது மோர்தானா அடங்கும். வேலூர்க்காரன் குடிக்கிற தண்ணீரும் தஞ்சாவூர்க்காரன் நடுகிற நாற்றும் அந்த ஒரே சுவரை நம்பித்தான் இருக்கின்றன.

எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஏரியையும் மதகையும் பார்த்துக்கொள்கிற ஆளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் ராத்திரி டார்ச் லைட்டோடு ஏரிக் கரை முழுக்க நடந்தவர். அவரிடம்தான் முதலில் போனேன். "பெரியப்பா, ஒரு பழைய அணை நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு "வண்டிய எடு" என்றார்.

அவர் வேலை பார்த்த ஏரிக்குத்தான் போனோம். கரையின் வெளிப்புறம், அடியில், கோரைப்புல் மட்டும் பச்சையாக நிற்கிற ஒரு இடத்தில் இறங்கினார். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் பச்சை. காலை வைத்தால் சொதசொதவென்று அழுந்துகிறது. விரலால் மண்ணை ஒதுக்கினார், ஊசி மாதிரி ஒரு ஊற்று. டம்ளரை அதற்குப் பக்கத்தில் அழுத்தி வைத்துக் கால் டம்ளர் நிரம்பும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அடியில் ஒரு பொடி மண்கூட இல்லை.

"கசிவு இல்லாத கரையே கெடையாதுப்பா. தெளிவா வந்தா பயம் இல்ல. கலங்கி வந்தா கரைக்குள்ள இருக்கற மண்ணு தண்ணியோட வெளிய வருதுன்னு அர்த்தம். அன்னிக்கி ராத்திரி தூங்கக்கூடாது."

அப்புறம் மதகுக்குக் கூட்டிப்போனார். மதகை மூடித் திறக்கிற பலகையைத் தூக்குகிற திருகுக் கம்பியில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினார். கையைப் பார்த்தார். கிரீஸ் இல்லை, துருப்பொடி மட்டும் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது. கசிவு ஊற்றைப் பார்த்துக் கவலைப்படாத மனிதர் கையில் ஒட்டிய துருவைப் பார்த்துக் கவலைப்பட்டார். "கரை நம்மளக் காப்பாத்தும். ஏரி நெறஞ்சு வழிஞ்சு கோடி போற அளவுக்குத் தண்ணி வரும்போது இந்தப் பலகை ஏறலன்னா கரையால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நானும் பம்ப் ரிப்பேர்காரன் என்பதால் எனக்கு அந்தத் துரு புரிந்தது. ஓடாமல் கிடக்கிற மோட்டார்தான் முதலில் இறுகும். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் தேவைப்படுகிற எந்த இரும்பும் அப்படித்தான், தேவைப்படும் அந்த இரண்டு நாளில்தான் அது இறுகியிருப்பது தெரியும்.

ஆடி முடிகிற சமயம் அணை நிரம்பியிருக்கிறது என்று செய்தி வந்ததும் பெரியப்பாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு மேட்டூர் கிளம்பினேன். காலை நாலரைக்கு வண்டி எடுத்தால் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி கிருஷ்ணகிரியில் டிபன். அங்கே கே.ஆர்.பி. அணைக்கு ஒரு சுற்று போகலாம் என்று பெரியப்பாதான் சொன்னார். காரணம் இருந்தது. 1957-ல் காமராசர் திறந்துவைத்த அணை அது. 2017 நவம்பர் 29-ம் தேதி அதன் முதல் ஷட்டர் உடைந்துகொண்டு போனது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுபது வருடமாகத் தண்ணீரில் நின்ற இரும்பு ஒரு நாள் கிழிந்தது, தேக்கி வைத்த தண்ணீர் தென்பெண்ணையில் ஓடிப்போனது. அதற்குப் பிறகு மற்ற ஷட்டர்களையும் மாற்றினார்கள். பெரியப்பா அந்த ஷட்டர்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து மேட்டூர் போகிற வழியெல்லாம் இதே பேச்சுதான். நான் செய்திகளில் படித்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் "அது பலகை", "அதுவும் பலகை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் கட்டியது அது. 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்திரா அணையில் 19-வது மதகின் சங்கிலி அறுந்து ஷட்டர் ஆற்றோடு போனது. முப்பத்து மூன்று கண்ணில் ஒரு கண், ஒரு சங்கிலி. அதைச் சரிசெய்வதற்காக மற்ற கண்களையும் திறந்து, சேர்த்து வைத்த தண்ணீரை டிஎம்சி கணக்கில் வெளியே விடவேண்டி வந்தது. நல்லவேளை, அதற்குப் பிறகும் மழை கொடுத்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று உண்டு, அதைச் சொல்லும்போது என் மனைவி பேச்சை நிறுத்தச் சொன்னாள். 2021 நவம்பர் 19. அன்றைக்குப் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நாம் எல்லாரும் பார்த்தோம், பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அதே மழை, அதே நாள், ஆந்திராவில் கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. ஐந்து மதகு, ஒன்று திறக்கவில்லை. வெளியே போகவேண்டிய தண்ணீர் போக முடியாமல் மண் கரைக்கு மேலே ஏறியது, மண் கரை கரைந்தது, கீழே இருந்த ஊர்கள் போயின. அந்த அணை ஒன்றும் நூறு வருடக் கிழடு கிடையாது. பெரியப்பா மதகில் கை வைத்துச் சொன்னதுதான் அங்கே நடந்தது.

அணை உடைந்தால் என்ன ஆகும் என்பது பாலாற்றங்கரை ஊர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடி அழிந்தது, செத்தவர்களுக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. அன்றைக்கு ஏரி உடைந்ததைச் சொல்ல போன் இல்லை. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆனால் எந்த அணையின் எந்த மதகு கடைசியாக எப்போது ஏறி இறங்கியது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

சரி, மேட்டூர். பார்க்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பூங்காவில் விடுமுறை நாளில் கால் வைக்க இடம் இருக்காது, ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போகவே போகாதீர்கள். அணை மீன் என்று வறுத்துத் தருகிற கடைகளில் விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ருசி நன்றாகவே இருக்கிறது. பவள விழா கோபுரத்தில் டிக்கெட் எடுத்து மேலே ஏறுங்கள், அதுதான் முக்கியம். அங்கிருந்து பார்த்தால்தான் அந்தச் சுவரின் நீளம் புரியும். ஒரு மைலுக்கு நிற்கிறது. ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் மரமும் வீடும் பள்ளிக்கூடமும்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. பண்ணவாடிப் பக்கம் மூழ்கிப்போன கோயிலின் நந்தியும் பழைய மாதா கோயிலின் கோபுரமும் நீர்மட்டம் இறங்கினால் தலையைக் காட்டும், பேப்பரில் போட்டோ பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயில் சாமியின் பேர் ஜலகண்டேஸ்வரர். நம் கோட்டைக்குள் இருப்பவரும் ஜலகண்டேஸ்வரர். என் மனைவிக்கு அது தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். நமக்குத் தண்ணீர் வருவதற்காக அந்த ஜனங்கள் வீட்டையும் சாமியையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவள் சொன்னது எனக்குத் திரும்ப வருகிற வழியெல்லாம் மனதில் இருந்தது. அப்படி விட்டுக்கொடுத்து வாங்கிய சுவர் இது.

பதினாறு கண் மதகையும் பார்த்தோம். உபரித் தண்ணீர் போவதற்கென்று தனியாகக் கட்டிய பகுதி அது, பிரதான சுவர் தாங்கவேண்டிய பாரத்தை வெள்ள நேரத்தில் அதுதான் இறக்கி வைக்கும். அன்றைக்குச் சில கண்களில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தண்ணீரின் அழகைப் பார்க்காமல், மேலே ஷட்டரைத் தூக்குகிற பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பெயிண்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ள இருக்கறவன்தான் சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் நான் தெரிந்துகொண்டது, வெளியே நின்று பார்த்தால் ஒரு அணையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான். பெரிய கல் அணைகளின் வயிற்றுக்குள் நடந்து போகிற மாதிரி சுரங்கப் பாதை வைத்திருப்பார்கள், சுவருக்குள்ளும் அடியிலும் ஊறுகிற தண்ணீரை அங்கே வாய்க்காலில் சேர்த்து, முக்கோண வெட்டு போட்ட தகட்டின் வழியாக விட்டு, எத்தனை லிட்டர் என்று அளப்பார்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவு ஏறுவதும் இறங்கும்போது இறங்குவதும் இயல்பு. நீர்மட்டம் அதே அளவில் நிற்க கசிவு மட்டும் கூடினால் எங்கோ வழி பெரிதாகிறது. திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்படக் கூடாது, வடிகால் துளை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளேயே நின்று சுவரை அடியிலிருந்து மேலே தள்ளும். பழைய சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக வழிகிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் மண் ஏரியில் டம்ளரைப் பிடித்த அதே வேலைதான், கருவி மட்டும் வேறு.

இதைச் செய்யச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021, அந்த வருடம் டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் எல்லாம் இதற்குள் வரும், 10 மீட்டருக்கு மேல் உள்ள சிலவும் வரும். மழைக்காலத்துக்கு முன் ஒரு ஆய்வு, பின் ஒரு ஆய்வு கட்டாயம், வெள்ளம் வந்தாலும் நில நடுக்கம் வந்தாலும் தனியாகப் பார்க்கவேண்டும். அணை உடைந்தால் யார் யாருக்குச் சொல்வது, எந்த ஊரை எங்கே கொண்டுபோவது என்கிற அவசரத் திட்டத்தையும், வெளி நிபுணர்களை வைத்து முழுப் பரிசோதனையையும் ஐந்து ஆண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது. உலக வங்கிக் கடனில் அணைகள் புனரமைப்புத் திட்டம் 2012-லிருந்து தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆக வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் மதகுக்குக் காவல் இருக்கிற மனிதர்கள் அங்கே இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களை நம்பித்தான் நாம் தூங்குகிறோம். வண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள், அணை கட்டி 83 வருடம் கழித்து 2017-ல்தான் முதல்முறையாக மேட்டூரில் வண்டல் எடுக்க ஆரம்பித்தார்கள். எத்தனை வருடமாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இத்தனை காலம் போகிறது என்பதுதான் என் கவலை, ஏனென்றால் வண்டல் பொறுத்திருக்கும், ஷட்டர் சங்கிலி பொறுத்திருக்காது.

என் முக்கியமான குறை இதுதான், இந்த சேவையில் நான் ஒன்றுக்கு மேல் மதிப்பெண் தர முடியாத இடமும் இதுதான். தினமும் காலையில் பேப்பரைத் திறந்தால் மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று வருகிறது. டீக்கடையில்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றும் தண்ணீரைப் பற்றிய எண். அணையைப் பற்றி ஒரு எண்கூட இல்லை. நாலாவதாக ஒரு வரி போடுங்கள் என்கிறேன். மொத்தம் இத்தனை மதகு, அதில் இன்றைக்கு ஏறி இறங்குகிற நிலையில் இருப்பவை இத்தனை, கடைசியாக இயக்கிப் பார்த்த தேதி இது, கசிவு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். இதில் ரகசியம் என்ன இருக்கிறது? லிப்டுக்குள் சர்வீஸ் செய்த தேதியை ஒட்டிவைக்கிறோம், தீயணைப்பு சிலிண்டரில் தேதி இருக்கிறது, என் கடைக்கு வருகிற ஐந்நூறு ரூபாய் மோட்டாரில்கூட நான் ரிப்பேர் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதி அனுப்புகிறேன். லட்சக்கணக்கான பேர் குடிக்கிற தண்ணீரைத் தடுத்து நிற்கிற இரும்புக்கு ஒரு தேதி வேண்டாமா?

மக்களைப் பயமுறுத்தியது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார், அவர் படித்தவர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது சரியென்று படவில்லை. பெரியப்பா கரையோரம் ஊற்றைக் காட்டியபோது எனக்குப் பயம் வரவில்லை, டம்ளரைத் தூக்கிக் காட்டியதும் இருந்த பயமும் போய்விட்டது. தெளிந்த தண்ணீரைக் காட்டினால் ஜனங்கள் நிம்மதியாக இருப்பார்கள். கலங்கியிருந்தால் அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழாய் இணைப்பு வந்த பிறகு நம் பக்கத்தில் சொந்த ஏரி, கிணறு, மதகு இவற்றைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். மகேந்திரவாடி ஏரி பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது, கல்வெட்டே இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் வெட்டியதுதான், இன்றைக்கும் தண்ணீர் நிற்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் மண் கரை நின்றதற்குக் காரணம் வருடா வருடம் யாரோ ஒருவர் கூடையில் மண் கொண்டுபோய்ப் போட்டார், எலி வளையை அடைத்தார், கரையில் முளைத்த செடியை மரமாவதற்கு முன் பிடுங்கினார். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தண்ணீருக்கு ஒன்பது நாள் ஏதாவது ஆனால் நம்மைக் காப்பாற்றப்போவது இவைதான். அந்த ஒன்பது நாளில் என் தெருவில் லாரித் தண்ணீருக்கு ஆளாளுக்குச் சண்டை போட்டதை நான் பார்த்தேன், நாலு தெரு தள்ளி இருக்கிற பொதுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது, மேலே குப்பை கிடந்ததால் யாரும் தொடவில்லை.

புதிதாக இணைப்பு வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தயங்காமல் வாங்குங்கள். தரைமட்டத் தொட்டி குறைந்தது எட்டு நாளைக்குத் தாங்குகிற அளவு கட்டுங்கள். போர் தண்ணீரையும் இதையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள், வால்வைத் தனியாக வையுங்கள். நேரடியாகக் குழாயில் மோட்டார் போட்டு இழுக்காதீர்கள், கடைசி வீட்டுக்காரருக்குப் போகாது, அதற்கு மோட்டார் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மேட்டூர் அணையைப் பற்றி நான் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, நாளைக்குத் தபாலில் போகிறது. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று கேள்விதான். போன மழைக்கு முன்னாலும் பின்னாலும் நடந்த ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும். ஒவ்வொரு மதகையும் கடைசியாக முழுவதும் தூக்கி இறக்கிய தேதி வேண்டும். மூன்றாவதைப் பெரியப்பா தன் கையாலேயே எழுதினார்: "கசிவு நீர் தெளிவாக உள்ளதா, கலங்கலாக உள்ளதா?" பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.